செத்தவர்களும் காதலித்தார்கள்

கேள்வி: நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிகளின் கையில் எண்ணைப் பச்சை குத்திய லாலேயின் காதலைச் சொல்லும் 'தி டாட்டூயிஸ்ட் ஆஃப் ஆஷ்விட்ஸ்' நாவலைப் படித்து அழுதுவிட்டேன். அத்தனை கொடுமையிலும் அவரையும் கிட்டாவையும் பிழைக்க வைத்தது காதல்தானே?
- வாசகி, ஈரோடு

பதில்: அழுததில் தவறே இல்லை. லாலேயும் கிட்டாவும் நிஜ மனிதர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மணந்துகொண்டார்கள், ஆஸ்திரேலியாவில் குடியேறினார்கள். 2003இல் கிட்டா இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

ஆனால் காதல் பிழைக்க வைத்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லாலேயைக் காப்பாற்றியது அவருக்குக் கிடைத்த வேலை. பச்சை குத்துபவர் என்பதால் தனியாகப் படுக்க இடம், கூடுதல் சாப்பாடு, முகாமுக்குள் போய்வரக் கொஞ்சம் சுதந்திரம். கொல்லப்பட்டவர்களின் உடைமைகளைப் பிரிக்கும் கிடங்கிலிருந்து கடத்தி வந்த நகைகளைக் கொடுத்து, வெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்களிடம் உணவு வாங்கினார் என்று அந்த நாவலே சொல்கிறது. காதல் பொய்யில்லை. ஆனால் பசித்த வயிற்றுக்குள் போனது ரொட்டி.

ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 13 லட்சம் பேர். கைதிகளாகப் பதிவு செய்யப்பட்டவர்கள் சுமார் 4 லட்சம்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் ரயிலை விட்டு இறங்கியதும் நேரே விஷவாயு அறைக்குப் போனார்கள். பச்சை குத்தும் வரிசைக்கே அவர்கள் வரவில்லை. கைக்குழந்தையோடு இறங்கியவளை அவள் கணவன் உயிராய் நேசித்திருப்பான். அதனால் என்ன ஆயிற்று?

1944 கோடையில் நடந்ததைக் கேளுங்கள். மாலா சிமெட்பாம் யூதப் பெண், எடெக் கலின்ஸ்கி போலந்து இளைஞர். இருவரும் ஆஷ்விட்ஸ் கைதிகள், காதலர்கள். ஜூன் 24 அன்று எடெக் எஸ்எஸ் என்ற நாஜிப் படையின் காவலர் சீருடையில் முன்னால் நடக்க, மாலா ஆண் கைதியைப் போல உடுத்தி, முகம் தெரியாதபடி ஒரு பீங்கான் கைகழுவும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். இரண்டே வாரத்தில் பிடிபட்டார்கள். எடெக்கைத் தூக்கிலிட்டார்கள். தண்டனையை வேடிக்கை பார்க்கப் பெண் கைதிகளை நிறுத்தியிருந்த இடத்தில் மாலா தன் மணிக்கட்டை அறுத்துக்கொண்டார். தடுக்க வந்த காவலனை ரத்தம் வழியும் கையால் அறைந்தார்.

அதே ஆண்டு ஜூலை 21. அதே முகாம், அதே சீருடைத் தந்திரம். கைதி யெர்சி பியலெட்ஸ்கி தன் காதலி சிலா சிபுல்ஸ்காவை விசாரணைக்கு அழைத்துப் போவதுபோல நடத்திக் கூட்டிவந்தார். அவர்கள் தப்பிவிட்டார்கள். எந்த ஜோடியின் காதல் பெரியது? இந்தக் கேள்வியைக் கேட்கவே எனக்குக் கூசுகிறது. ஒரு ஜோடி அகப்பட்டது, இன்னொன்று அகப்படவில்லை, அவ்வளவுதான். சிலாவைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தது ஒரு போலந்துக் குடும்பம். பிழைத்தும் அவர்கள் சேரவில்லை. அடுத்தவர் இறந்துவிட்டதாக இருவருமே நம்பினார்கள். 1983இல்தான் மறுபடி பார்த்தார்கள். பிரிந்திருந்த வருடத்துக்கு ஒன்றாக, 39 ரோஜாக்களோடு விமான நிலையத்தில் காத்திருந்தார் யெர்சி.

அப்புறம் ஒன்று. 'உண்மைக் கதை' என்று விற்கும் புத்தகத்துக்குப் பொறுப்பு அதிகம். கிட்டாவின் கையில் குத்திய எண் 34902 என்கிறது நாவல். கிட்டா தன் வாயால் கொடுத்த சாட்சியத்தில் சொன்ன எண் 4562. 1943 ஆரம்பத்தில் அவருக்குப் பென்சிலின் கிடைத்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே அந்த மருந்துக்கு வழியே இல்லை. ஆஷ்விட்ஸ் நினைவக ஆய்வாளர்களே இந்தப் பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள். யூதப் படுகொலையே நடக்கவில்லை என்று சாதிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்படி ஒரு பிழை போதும்.

சரி, நாவலைத் தூக்கிப் போட வேண்டாம். தோழிக்குப் படிக்கக் கொடுங்கள். கொடுக்கும்போது மாலா, எடெக் கதையையும் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.