ஊஞ்சலுக்கு அடியில் என்ன போடுவது?

வாசகர் கேள்வி: வீடும் தோட்டமும்

கேள்வி: வணக்கம் அண்ணா. எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஏழு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம் வரும். கொஞ்சம் சரிவு. நாலு வயதில் ஒன்று, ஆறு வயதில் ஒன்று என இரண்டு பிள்ளைகள். ஊஞ்சலும் ஏணி வைத்த சறுக்குமரமும் சேர்ந்த மரச் செட் ஒன்று வாங்கப் போகிறோம். கார் நிறுத்தும் இடத்துக்கு வாங்கிய பேவிங் கல் மிச்சம் கிடக்கிறது, அதைப் பரப்பினால் சேறு இருக்காது என்கிறார் வீட்டுக்காரர். கிகுயு புல்லே போதும், நாங்களெல்லாம் அதில்தான் விழுந்து புரண்டு வளர்ந்தோம் என்கிறார் மாமியார். செயற்கைப் புல் விற்கும் ஆள் ஒருவர் வந்து அளந்து, விலையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தங்கச்சி, மூன்று பேர் சொல்வதையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். முதலில் கடைக்குப் போய் இரண்டு அளவு கேட்டு வாருங்கள். பிள்ளை ஏறி நிற்கும் மேடை தரையிலிருந்து எவ்வளவு உயரம்? ஊஞ்சல் தொங்கும் கம்பி எவ்வளவு உயரம்? இது தெரியாமல் தரையைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு. ஓடும் பிள்ளை தடுக்கி விழுந்தால் முட்டி சிராய்க்கும், அவ்வளவுதான். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தலை கீழாக வந்தால் கதை வேறு. விளையாட்டு இடத்தில் பிள்ளைகளுக்கு வரும் பெரிய அடிகளில் முக்கால்வாசி விழுவதால் வருபவைதான்.

பேவிங் கல் கூடவே கூடாது. அந்தக் கல்லை துணி காயப்போடும் கம்பிக்கு அடியில் போடச் சொல்லுங்கள், வீட்டுக்காரர் மனமும் நோகாது.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் விழுந்து புரண்டது புல்வெளியில். ஊஞ்சலுக்கு அடியில் புல் எத்தனை நாள் நிற்கும் என்பதை அவரும் பார்த்திருப்பார். கால் தேய்த்துத் தேய்த்து அந்த இடம் வழுக்கையாகி, மழை வந்தால் குட்டை, வெயில் வந்தால் செங்கல். புல்லையும் வெறும் மண்ணையும் விழுகையைத் தாங்கும் தரையாக அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏற்பதே இல்லை. கிகுயு ஓடி விளையாட நல்ல புல், மறுக்கவில்லை. மாமரமோ லிச்சி மரமோ நிழல் தரும் மூலையில் அது சோகையாகிவிடும், அங்கே எல்.எம். புல் வையுங்கள். நம் கரையோர மண்ணுக்கும் நிழலுக்கும் பழகியது.

செயற்கைப் புல் பார்க்க அழகு. அந்த ஆள் விலை எழுதிய தாளில் அடியில் போடும் ஷாக் பேட் என்ற மெத்தைக்குத் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் கெட்டித் தரைமேல் விரித்தால் சிமெண்டுக்குப் பச்சைச் சட்டை மாட்டிய மாதிரிதான். இருக்கிறது என்றால், எத்தனை மீட்டர் விழுகைக்குச் சோதித்தது என்று எழுத்தில் கேளுங்கள். டர்பன் ஜனவரி வெயிலில் மத்தியானம் அதன்மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு மரச் சீவல். நாம் எல்லாரும் வுட் சிப்ஸ் என்று சொல்வதுதான். மேலே சொன்ன ஆணையத்தின் கையேட்டுக் கணக்கு இது: 23 சென்டிமீட்டர் ஆழத்தில் மணல் போட்டால் 1.2 மீட்டர் உயர விழுகையைத் தாங்கும். உருண்டைச் சரளை 1.5 மீட்டர், செடிக்கடியில் மூடாக்காகப் போடும் மர மல்ச் 2.1 மீட்டர், மரச் சீவல் 3 மீட்டர் வரை. 23 என்பது மிதிபட்டு அமுங்கியபின் இருக்க வேண்டிய ஆழம். நாலில் ஒரு பங்கு எப்படியும் அமுங்கும், அதனால் முதலில் 30 சென்டிமீட்டர் கொட்ட வேண்டும். ரெண்டு மூட்டை மரப்பட்டைச் சீவல் (பார்க் சிப்ஸ்) வாங்கி ரோஜாப் பாத்திக்குத் தூவுவது போலத் தூவிவிட்டு, போட்டாச்சு என்று உட்கார்ந்தால் அது அலங்காரம்.

இப்போது உங்கள் இடத்தை அளப்போம். மேடையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1.8 மீட்டர் சீவல் வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் கம்பியின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு. கம்பி 2 மீட்டர் என்றால் முன்னால் 4, பின்னால் 4, ஆக 8 மீட்டர். உங்கள் ஏழுக்குப் பத்தில் இது நீளவாக்கில் மட்டும்தான் அடங்கும். பக்கத்தில் சறுக்குமரத்துக்கு இடம் இருக்காது. சொல்ல எனக்கும் மனமில்லைதான், ஆனாலும் ரெண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் என்றால் ஊஞ்சலை விட்டுவிட்டு, தாழ்வான மேடையோடு சறுக்குமரம் மட்டும் வாங்குவேன். செட்டில் மிச்சமாகும் பணம் தரைக்குப் போகட்டும். பக்கத்துக்கு இரண்டு மீட்டர் வரும் சதுர மேடைக்குச் சுற்றுவட்டம் சேர்த்தால் ஒரு பக்கம் 5.6 மீட்டர், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒன்பதரைக் கன மீட்டர் சீவல். சறுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் இன்னும் கொஞ்சம். உங்கள் பக்கியில், அதான் பிக்கப் வண்டியில், இதை ஏற்றி முடிக்க முடியாது, லாரிதான்.

அவ்வளவு சீவலுக்கு எங்கே போவது? மரம் வெட்டும் ஆட்களிடம் கேளுங்கள். சிப்பர் மெஷினில் அரைத்ததைக் கொட்ட இடம் தேடிக்கொண்டிருப்பார்கள்; சும்மாவோ சொற்ப விலைக்கோ தருவார்கள். என்ன மரம் என்று கேட்காமல் மட்டும் இறக்கவிடாதீர்கள். கம் மரம் (யூகலிப்டஸ்), வாட்டில், பைன் என்றால் சரி. அரளி வேண்டாம், தம்போட்டி வேண்டாம். இரண்டுக்கும் விஷப் பால். சிரிங்காவும் வேண்டாம். வேம்புக்குப் பங்காளி மரம் அது. வேப்பிலை கிடைக்காத காலத்தில் அம்மை போட்ட வீட்டில் நம் பெரியவர்கள் அதன் இலையை வைத்ததுண்டு, அந்த மரியாதை இருக்கட்டும். அதன் மஞ்சள் காய் விஷம், நாலு வயதுப் பிள்ளை வாயில் போடப் பார்க்கும் அளவு. பக்கத்து வீட்டு சிரிங்கா உங்கள் யார்டுக்குள் காய் உதிர்த்தால் தினமும் பொறுக்க வேண்டியதுதான். பச்சை பூசிய மாதிரி தெரியும் பழைய வேலிக் கம்பங்களை அரைத்த சீவலும் கூடாது. கரையான் அரிக்காமலிருக்க அதில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஏற்றியிருப்பார்கள்.

அடுத்தது தண்ணீர், நம் மேட்டுப் பகுதிகளில் இதுதான் பெரிய வேலை. சரிவில் அப்படியே கொட்டினால் முதல் பெருமழைக்கே உங்கள் சீவல் கீழ்வீட்டுக்காரர் வாசலில் இருக்கும். இடத்தை முதலில் படியாக வெட்டிச் சமப்படுத்துங்கள். களிமண்ணில் வெறும் குழி தோண்டி நிரப்பினால் குளம்தான். அடியில் எட்டு சென்டிமீட்டர் ஜல்லி, அதன் தண்ணீர் தாழ்வான பக்கம் வெளியேற ஒரு குழாய், ஜல்லிமேல் தண்ணீரை இறங்கவிடும் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதற்குமேல் சீவல். கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் போடாதீர்கள், தண்ணீர் இறங்காது. ஓரத்துக்குப் பழைய ரயில் ஸ்லீப்பர் அழகாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். அது கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் குடித்த கட்டை, பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு ஆகாது. வீட்டுச் சுவரை ஒட்டியும் சீவல் வேண்டாம், கரையானுக்கு விருந்து வைத்ததாகும்.

போட்டபின் பராமரிப்பு பெரிதில்லை. சறுக்கு முடியும் இடத்தில் பிள்ளைகள் காலால் தள்ளிப் பள்ளமாக்குவார்கள். வாரம் ஒருமுறை ரேக் போட்டு இழுத்துவிடுங்கள், பூரான் இருந்தாலும் தெரிந்துவிடும். கிகுயு வேர் ஓரத்தில் நுழையும், பிடுங்குங்கள். நம் ஈரப்பதத்தில் அடிச் சீவல் சீக்கிரம் மக்கும். மக்கியதைக் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் போட்டுவிட்டுப் புதியதைச் சேருங்கள்.

கேள்வி: பேரனுக்கு மணல் குழி கட்டினேன். தெருப் பூனைகள் எல்லாம் அதையே கழிப்பிடமாக்கிவிட்டன. பினாயில் ஊற்றலாமா?
தாத்தா ஒருவர், டோங்காட்

பதில்: பினாயில் வேண்டாம் ஐயா, பேரன் அதில்தான் கை வைப்பான். ஆனால் பூனை விஷயத்தை விளையாட்டாக விடாதீர்கள். பூனை, நாயின் குடலில் இருக்கும் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈர மணலில் வாழும். காலில் ஏறினால் தோலுக்கடியில் கோடு கோடாக ஊர்ந்து அரிக்கும். இங்கே சாண்ட்வோர்ம் என்று டாக்டரிடம் ஓடுவது அதற்குத்தான். இருக்கும் மணலை அள்ளிவிட்டு, கழுவிய ஆற்று மணல் புதிதாகப் போடுங்கள். பூச்சு வேலைக்கு விற்கும் சிவப்பு மணல் துணியில் கறை விடும். பேரன் எழுந்த கையோடு பலகை மூடி போட்டு மூடுங்கள். மூடியில் காற்று போக ஓட்டை இருக்கட்டும், பூனை போகாத அளவில்.

கேள்வி: பழைய டயரில் செய்த கறுப்பு ரப்பர் ஓடு மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?
வாசகர், லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

பதில்: போடலாம், மூன்று விஷயம் பார்த்து. ஓட்டின் கனத்துக்கு எத்தனை மீட்டர் விழுகை தாங்கும் என்று விற்பவர் எழுதித் தர வேண்டும். மெல்லிய ஓடு ஜிம் தரைக்குச் செய்தது. உங்கள் ஹைவெல்ட் மேட்டுநில வெயில் கடுமை, கறுப்பு ரப்பர் குழந்தையின் பாதத்தைச் சுட்டுவிடும். மேலே நிழல்வலை கட்டுங்கள், முடிந்தால் வெளிர் நிற ஓடு கேளுங்கள். அடித்தளம் சமமாக இல்லாவிட்டால் ஓரம் தூக்கிக்கொண்டு, பிள்ளையைக் காப்பாற்றப் போட்ட ஓடே தடுக்கி விழவைக்கும். பசை போட்டு ஒட்டுபவரையே வேலைக்கு வையுங்கள்.