பி.டி. பீரியட்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், பள்ளி கோகோ அணியில் இருக்கிறாள். அடுத்த வருடம் பத்தாவது, விளையாட்டை நிறுத்திவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். பள்ளியிலும் அதையேதான் சொல்கிறார்கள். இந்த எக்ஸ்ட்ரா விஷயங்களால் உண்மையில் என்ன பயன்? பின்னால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்காவது உதவுமா?

ச., அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள ச.,

கோட்டாவைப் பற்றிச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஓடினால் உடம்புக்கு நல்லது, கூட்டாளிகள் கிடைப்பார்கள், தோற்றுப் பழகுவாள், இதெல்லாம் உங்களுக்கே தெரியும். இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, சரி, அதை விடுங்கள்.

என்னைக் குத்தியது அந்த ‘எக்ஸ்ட்ரா’தான். கால அட்டவணையில் பி.டி. என்று போட்டிருக்கும் பீரியட் எப்படி எக்ஸ்ட்ரா ஆகும்?

நான் சேலத்தில் பத்தாவது படித்தபோது வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பி.டி. ஜூன் முடிவதற்குள் கணக்கு வாத்தியார் அதை வாங்கிக்கொண்டார். ஜன்னல் வழியே ஏற்காட்டு மலை தெரியும், கீழே மைதானம் காலியாகக் கிடக்கும். அந்த வெள்ளிக்கிழமைகளில் போர்டில் என்ன எழுதினார் என்று ஒரு வரி நினைவில்லை. ஆனால் விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் பி.டி. சார் எங்கள் மூன்று பேரைக் கோடு போடக் கூப்பிட்டது அப்படியே நினைவிருக்கிறது. ஒரு முளை, கயிறு, ஒரு வாளி சுண்ணாம்பு. வளைவில் வெளி லேன்காரன் அதிகம் ஓட வேண்டியிருப்பதால் அவனை முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும், எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லேன் அகலம் 1.22 மீட்டர். ஒரு சுற்று ஓட்டத்துக்கு, லேனுக்கு லேன் ஏறக்குறைய 7.66 மீட்டர் தள்ள வேண்டும். மைதானம் சின்னதோ பெரிதோ, வளைவின் ஆரம் எதுவோ, அந்தத் தூரம் மாறாது. நம்ப முடியாமல் இருட்டும்வரை கயிறு பிடித்து அளந்தோம்.

உடனே வீட்டுக்காரரிடம் ‘விளையாடினால் கணக்கு வருமாம்’ என்று சொல்லிவிடாதீர்கள். கணக்கு வராமலே போயிருந்தாலும் அந்தச் சாயங்காலம் எனக்கு வேண்டும்.

நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் மோதி வலது கால் நசுங்கியது. அவரை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அந்த ஆசிரியரின் பீரியடையும் போர்ஷன் முடிக்க எடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பையன் யார் கண்ணில் பட்டிருப்பான்? பி.டி. பீரியடை எடுப்பது பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவை எடுப்பது மாதிரி. அதைச் செய்கிற பள்ளியை ‘நன்றாகப் படிக்கவைக்கிறார்கள்’ என்று நாம்தான் பாராட்டுகிறோம்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அம்மா. வீட்டுக்காரர் சொன்னதை எழுதினீர்கள், பள்ளி சொன்னதை எழுதினீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. துரத்துவதில் கெட்டிக்காரியா, பிடிபடாமல் ஓடுவதில் கெட்டிக்காரியா என்றுகூட இல்லை. ஒரு ஆட்டமாவது போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

இன்றைக்கு அவள் வந்ததும் கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். பி.டி. எந்தக் கிழமை, போன வாரம் அந்த பீரியடில் அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.