உப்புக் காற்றும் பழைய போஸ்டர்களும்: வாசகர் கேள்வி – பதில்

பழைய சினிமா போஸ்டர்களைச் சேகரிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து பலர் எழுதியிருக்கிறார்கள். உள்நாட்டு ஊர்களுக்குச் சொல்லும் யோசனைகள் சில கடற்கரைக்குப் பொருந்துவதில்லை என்பதால், இந்த முறை அவர்களுடைய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என் தகப்பனார் ஒரு டூரிங் டாக்கீஸில் மேனேஜராக இருந்தவர். அவர் விட்டுச் சென்ற போஸ்டர்கள் ட்ரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பாலிதீன் உறையில் போட்டு, வாயை டேப்பால் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். அப்படியும் ஐப்பசி பிறந்தால் பூசண வாடை அடிக்கிறது. கறுப்புப் புள்ளிகளும் விழுகின்றன. என்ன செய்யலாம்? (ஒரு வாசகர், கீழக்கரை)

பதில்: ஈரத்தை வெளியே நிறுத்துவதாக நினைத்து, அதை உள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் காற்று ஈரத்தோடு உப்பையும் சுமந்து வருகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக்கொண்டு கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுப்படி ஜாடியில் நடப்பது இதுதான். போஸ்டரின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்பும் அதையே செய்கிறது. எனவே அறை ஓரளவு உலர்ந்திருக்கும் நாளில்கூட, வாய் ஒட்டிய உறைக்குள் இருக்கும் தாள் ஈரமாகவே இருக்கும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூசணம் முளைக்கும். போதாக்குறைக்கு, அக்காலப் போஸ்டர்கள் பெரும்பாலும் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. அவற்றில் ஏற்கெனவே இருக்கும் அமிலம் ஈரத்தோடு சேர்ந்து நாரை அறுக்கும். மடிப்பு விழுந்த இடம் பொடிப்பொடியாக உதிர்வதற்கு அதுவே காரணம்.

முதலில் உறைகளைக் கிழித்தெறியுங்கள். பிறகு, வாடைக்காற்று ஓய்ந்து தை மாதம் பிறந்ததும், வெயில் ஏறிய முற்பகலில், நிழலான அறையில் வெள்ளைத்தாளின் மேல் ஒவ்வொன்றாக விரித்து வையுங்கள். மின்விசிறி சுழலட்டும், ஆனால் காற்று தாளின் மேல் நேராக விழ வேண்டாம். வெயிலில் காயப் போடுவது கூடவே கூடாது. பூசணம் நன்றாகக் காய்ந்து தூளான பிறகு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மென்மையான பிரஷால் ஒரே திசையில் தள்ளிவிடுங்கள். அது ஈரமாக இருக்கும்போது துணியால் துடைத்தால் நாருக்குள் ஏறி நிரந்தரக் கறையாகிவிடும். உப்புத் தூசியும் இதே பிரஷில் பெருமளவு போய்விடும்.

மடித்தே கிடந்த போஸ்டரை ஒரேயடியாக விரிக்க முயல வேண்டாம். பாதி விரித்து, மேலே மழமழப்பான அட்டையையும் சிறு பாரத்தையும் வைத்து இரண்டொரு நாள் விட்டுவிட்டு, அதன் பின்னர் மீதியை விரிக்கலாம். இஸ்திரிப் பெட்டியை அருகில்கூடக் கொண்டு வராதீர்கள். விரித்தவற்றை அமிலமற்ற தாளை இடையிட்டுப் படுக்கை வசத்தில் அடுக்கி, வெளுத்த பருத்தித் துணியால் மூடினாலே போதும். உறைதான் வேண்டும் என்றால் பாலியெஸ்டர் உறை நல்லது. அதிலும் இரண்டு பக்கம் திறந்திருக்கட்டும். பி.வி.சி. உறை நாளடைவில் அமிலம் கக்கும். ட்ரங்குப் பெட்டி கடற்கரையில் துருப்பிடிக்காமல் இருக்காது, துருக்கறையைத் தாளிலிருந்து எடுக்கவும் முடியாது என்பதால், மர அலமாரிக்கு மாறுவது நல்லது. அந்த அலமாரியும் கடலைப் பார்த்த வெளிச்சுவரில் சாய்ந்திருக்கக் கூடாது. ஓதம் காக்கும் சுவராக இருந்தால் அறையையே மாற்றுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, மணிகளின் நிறம் மாறும்போதெல்லாம் உலர்த்தி மீண்டும் வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு மானி ஒன்றும் உள்ளே இருந்தால் ஊகிக்க வேண்டியிருக்காது.

கேள்வி: ராமபாணப் பூச்சி போஸ்டர்களைச் சுரண்டித் தின்கிறது. அந்துருண்டை போட்டும் பயனில்லை. மீன் கம்பெனியின் குளிர்பதன அறையில் சில நாள் வைத்தால் பூச்சி செத்துவிடும் என்று நண்பர் சொல்கிறார். உண்மைதானா? (ஒரு வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: வேடிக்கையாகத் தோன்றினாலும் நண்பர் சொல்வது சரிதான். காட்சியகங்களும் நூலகங்களும் பூச்சி பிடித்த தாள்களை உறைய வைத்துத்தான் காப்பாற்றுகின்றன. பூஜ்யத்துக்குக் கீழே 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியோடு முட்டையும் அழியும். ஐஸ் போட்ட பெட்டி போதாது. உறைநிலை அறையாகவே இருக்க வேண்டும். போஸ்டர்களை அட்டைகளுக்கு நடுவே வைத்து, கெட்டியான பாலிதீனில் காற்றுப் புகாமல் இரட்டையாகச் சுற்றி ஒட்டுங்கள். இல்லையென்றால் பூச்சி போய் மீன் வாடை வந்து சேரும். வெளியே எடுத்த பின் ஒரு முழு நாள் கட்டைப் பிரிக்கவே கூடாது. குளிர்ந்த தாளின் மேல் நம் ஊர்க் காற்றுப் பட்டால் நொடியில் நீர் முத்து முத்தாகக் கோத்துவிடும். உறைய வைப்பதற்கு மட்டும்தான் இந்தப் பாலிதீன். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

அந்துருண்டை தாளுக்கும் உதவாது, அறையில் புழங்குபவர்களின் உடம்புக்கும் ஆகாது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு துணி முடிச்சுகளாகச் சுவடிகளுக்கு அருகே வைக்கும் வழக்கம் உண்டு. அதை நீங்களும் பின்பற்றலாம். முடிச்சு தாளில் படாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கேள்வி: லேமினேட் செய்துவிட்டால் உப்புக் காற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லைதானே? (ஒரு வாசகி, தொண்டி)

பதில்: செய்யாதீர்கள். சூட்டில் உருகிய பசை தாளோடு கலந்துவிட்டால் அதை யாராலும் பிரிக்க முடியாது. சேகரிப்பாளர்கள் அப்படிப்பட்ட போஸ்டரை வாங்க மாட்டார்கள்.

கேள்வி: 1964ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்னால் தனுஷ்கோடியில் ஒட்டுவதற்காக வந்து எஞ்சிய போஸ்டர் என்று சொல்லி ஒருவர் பெரிய விலை கேட்கிறார். கீழ் ஓரத்தில் சிவகாசி அச்சகத்தின் பெயரும், முகவரியோடு ஆறு இலக்கப் பின்கோடும் இருக்கின்றன. வாங்கலாமா? (ஒரு வாசகர், இராமேஸ்வரம்)

பதில்: பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆறு இலக்கப் பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி. அந்த விலைக்கு வாங்காதீர்கள். அதற்காகப் போஸ்டரைப் போலி என்று தள்ளிவிடவும் வேண்டாம். வெற்றிப் படங்கள் திரும்பத் திரும்ப வெளியிடப்பட்ட காலம் அது, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதிதாகப் போஸ்டர் அடித்தார்கள். மறுவெளியீட்டுப் போஸ்டருக்கும் மதிப்பு உண்டு. புயலின் பெயரைச் சொல்லி ஏற்றிய மதிப்புதான் பொய்.

விற்பவர் சொல்லும் கதையைக் காதில் வாங்கிக்கொண்டு, கண்ணைக் கீழ் ஓரத்தில் வைப்பதே இந்தத் தொழிலில் நல்ல பழக்கம். அச்சிட்டவர் பெயரும் ஊரும் தாளில் இருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னதால், அந்தப் பொடி எழுத்து வரி ஏதோ ஒரு மூலையில் பெரும்பாலும் இருக்கும். அதில் சிவகாசியை அடுத்து ‘இராமநாதபுரம் மாவட்டம்’ என்று இருந்தால் தவறாக அச்சாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை சிவகாசி நம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே அந்த வரி 1985க்கு முந்தைய அச்சு என்பதற்கு ஓரளவு நல்ல சான்று.

எழுத்தையும் பாருங்கள். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்னால் துதிக்கை போல வளைந்த பழைய கொம்பு இருக்கிறதா, இன்றைய இரட்டைச் சுழிக் கொம்பு இருக்கிறதா? பெரியார் 1935இலேயே தம் இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார் என்றாலும், அரசாணை வழியே அது பொதுவழக்குக்கு வந்தது 1978இல். 1950களின் படத்துக்கு உரிய முதல் வெளியீட்டுப் போஸ்டர் என்று காட்டப்படுவதில் புதிய எழுத்து இருந்தால் சந்தேகப்படலாம். பழைய எழுத்து இருப்பதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் கைப்பழக்கத்தில் அது 1978க்குப் பின்னும் நெடுநாள் நீடித்தது. கடைசியாக, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நாயகனின் கன்னத்தைப் பாருங்கள். பழைய லித்தோ அச்சில் (கல்லச்சில்) சாக்கட்டி தேய்த்தது போன்ற ஒழுங்கற்ற சொரசொரப்பு தெரியும். ஆஃப்செட்டில் ஒழுங்கான வரிசையில் வண்ணப் புள்ளிகள் தெரியும். பழைய லித்தோ போஸ்டர் என்று விற்கப்படுவதில், பழைய மடிப்புக் கோடும் கிழிசலும்கூடப் புள்ளிகளாகவே அச்சாகியிருந்தால் அது இன்னொரு போஸ்டரைப் படமெடுத்து அடித்த நகல்.

கேள்வி: மண்டபத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். நல்ல நிலையில் உள்ள இரண்டு போஸ்டர்களைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்ட ஆசை. (ஒரு வாசகர், மண்டபம்)

பதில்: வண்ண நகல் எடுத்து அதை மாட்டுங்கள். வெயில் படும் இடத்தில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுத்து, மிச்சம் இருக்கும் நீலத்தில் நாயகியின் முகமே நோயாளி முகம் போல ஆகிவிடும். பாய்லர் ஆவி வேறு இருக்கிறது. அசலை வீட்டு உள்ளறையில்தான் மாட்ட வேண்டும். அங்கும் கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் அட்டை இடைவெளி விடச் சொல்லுங்கள்.

கேள்வி: கிழிந்த இடத்தைச் செலோ டேப்பால் ஒட்டலாமா, மைதாப் பசையால் ஒட்டலாமா? (ஒரு வாசகர், தேவிபட்டினம்)

பதில்: இரண்டும் வேண்டாம். டேப்பின் பசை சில வருடங்களில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கும். சுவரில் ஒட்டுபவர்கள் காய்ச்சும் மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பதுண்டு. அந்தச் செம்பு உப்பு தாளை இன்னும் விரைவாக நொறுக்கும். மாவில் மாச்சத்தை மட்டும் எடுத்துக் காய்ச்சிய பசைதான் பாதுகாப்பானது. அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பது போல, பிசைந்த மாவை நீரில் கழுவி, அடியில் தங்கும் வெள்ளை வண்டலைக் காய்ச்ச வேண்டும். ஜப்பானிய கோசோ தாளை (மரப்பட்டை நாரில் செய்த மெல்லிய, உறுதியான தாள்) மெல்லிய கீற்றாகக் கையால் கிழித்து, இந்தப் பசையைத் தொட்டும் தொடாமலும் தடவி, பின்பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள். தேவைப்பட்டால் ஈரம் காட்டி எடுத்துவிடலாம் என்பதே இதன் சிறப்பு. ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு மையையும் ஓரத்தில் ஒரு துளி நீர் வைத்துச் சோதித்துவிடுங்கள். போஸ்டரின் மை நின்றாலும், கீழே ஒட்டிய, தியேட்டர் பெயர் போட்ட ஸ்லிப்பின் மையும் ரப்பர் முத்திரையும் கரைந்து ஓடக்கூடும்.