பெரிய மாமிச உண்ணி டைனோசர்கள்: வேலூர்க்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பாறையும் எலும்பும் பார்ப்பதுதான் இத்தனை வருடமாக என் வேலை. டைனோசர் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஆற்காட்டிலிருந்து ஒரு அப்பா: சார், பையனுக்கு எட்டு வயது. நம்ம மலையைத் தோண்டினால் டி. ரெக்ஸ் எலும்பு கிடைக்குமா என்று தினமும் கேட்கிறான்.

கிடைக்காது. ஏன் என்று சொன்னால் அவனுக்கே பிடிக்கும். வேலூர்க் கோட்டை மதிலில் அவனைக் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கருங்கல்லும் நம்மைச் சுற்றியுள்ள மலைகளில் பெரும்பகுதியும் பூமிக்கு அடியில், கடும் சூட்டில் உருவானவை. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. டைனோசர்கள் வந்ததே சுமார் 23 கோடி ஆண்டுக்கு முன்னால்தான். அதோடு, செத்த உடலைச் சேறோ மணலோ சீக்கிரம் மூடினால்தான் எலும்பு கல்லாகும். பாலாற்று மணல் அப்படிப்பட்ட படிவுதான், ஆனால் ரொம்ப இளசு.

விடுமுறையில் அரியலூர், பெரம்பலூர் பக்கம் கூட்டிப்போங்கள். அங்கே டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரிட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுப்போன படிவுகள் இருக்கின்றன. 2020ல் குன்னம் பக்கம் டைனோசர் முட்டை என்று பரபரப்பான உருண்டைகள்கூட, அம்மோனைட் என்ற கடல் உயிரைச் சுற்றி இறுகிய கல்தான். முட்டை இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட்டைக் கண்ணால் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

ராணிப்பேட்டையிலிருந்து: அரியலூரில் டி. ரெக்ஸைவிடப் பெரிய மாமிச உண்ணி கிடைத்ததாமே?

அப்படித்தான் முதலில் எழுதினார்கள். கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1987ல் யாதகிரி, அய்யசாமி என்ற ஆய்வாளர்கள் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்து, மாமிச உண்ணிகளின் தெரோபோடா பிரிவில் சேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். நிமிர்த்தி வைத்தால் நம் தலைக்கு மேல் போகும். டி. ரெக்ஸுக்கு அதே எலும்பு அதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பிறகு பார்த்தவர்கள் இது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி, சாரோபாட் என்று மாற்றினார்கள். இன்றைக்கும் அதுதான் ஏற்கப்பட்ட கருத்து.

சரி, எலும்பை மறுபடி எடுத்து அளக்கலாமே என்பீர்கள். முடியாது. அவை பொடிந்து போய்விட்டன. கல்லான மரக்கட்டையாக இருக்குமோ என்றுகூட நடுவில் சந்தேகம் வந்தது. 2022ல் பழைய புகைப்படங்கள் வெளியான பிறகுதான் எலும்பு என்ற நம்பிக்கை வலுத்தது. நம் மண்ணில் கிடைத்த அவ்வளவு பெரிய ஒன்றைக் காப்பாற்ற முடியாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

காட்பாடி, ப்ளஸ் ஒன் மாணவி: அண்ணா, டி. ரெக்ஸுக்கும் கார்னோட்டாரஸுக்கும் கை ரொம்பச் சின்னது. ரெண்டும் ஒரே குடும்பமா?

இல்லைம்மா. கையை விட்டுவிட்டுப் பாதத்தைப் பார். டி. ரெக்ஸின் பாதத்தில் நடு எலும்பு மேலே போகப் போக ஒடுங்கி, இரண்டு பக்க எலும்புகளுக்கும் இடையில் ஆப்பு அடித்த மாதிரி சிக்கியிருக்கும். நெருப்புக்கோழி மாதிரி ஓடிய சின்ன டைனோசர்களிலும் இதைப் பார்க்கலாம். அர்ஜென்டினாவின் கார்னோட்டாரஸ் என்ற மாமிச உண்ணியில் கிடையாது. கையிலும் வித்தியாசம் உண்டு: டி. ரெக்ஸுக்கு இரண்டு விரல், கார்னோட்டாரஸுக்கு நான்கு.

முன்பெல்லாம் பெரிய மாமிச உண்ணி என்றால் எல்லாவற்றையும் கார்னோசார் என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்கள். 1990களில் எலும்பு எலும்பாக ஒப்பிட்டபோது மூட்டை அவிழ்ந்தது. டி. ரெக்ஸ், அலோசாரஸ் என்ற இன்னொரு பெரிய மாமிச உண்ணியைவிடப் பறவைகளுக்கு நெருக்கம். கார்னோட்டாரஸ் தொலைவில் பிரிந்த, அபெலிசாரிட் என்ற கிளை. பெரிய உடம்பு வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக வந்திருக்கிறது. அதனால்தான் உருவத்தை வைத்து உறவு சொல்லாதே என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

நம் நாட்டு இண்டோசூக்கஸ் இதற்கு நல்ல உதாரணம். ஜபல்பூரில் கிடைத்து, 1933ல் பெயர் பெற்றது. முதலில் அலோசாரஸ் பக்கம் வைத்தார்கள், அப்புறம் டைரனோசாரஸ், அதாவது டி. ரெக்ஸ் பக்கம் தள்ளினார்கள். 1985ல் அர்ஜென்டினாவின் அபெலிசாரஸ் அறிமுகமான பிறகுதான் அதுவும் அபெலிசாரிட் கிளைதான் என்று தெரிந்தது. 2003ல் பெயரிடப்பட்ட குஜராத்தின் ராஜாசாரஸும் அதே வம்சம். நெற்றியில் ஒற்றைக் கொம்பு. அதன் நெருங்கிய உறவு மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்த நிலம் என்பது இங்கே எலும்பிலேயே தெரிகிறது.

குடியாத்தம்: முழு எலும்புக்கூடு அபூர்வம், பல் மட்டும் நிறைய கிடைக்கிறதே, எப்படி?

பல் விழுந்து விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். ஒரே மிருகம் வாழ்நாளில் எத்தனையோ பல்லை உதிர்த்திருக்கும். பல்லின் மேல்பூச்சும் எலும்பைவிடக் கெட்டி. வேட்டையாடும் மிருகம் இரையைவிட எண்ணிக்கையில் எப்போதும் குறைவு என்பதால் உடல் கிடைப்பது அரிது.

அந்தப் பல்லை லென்ஸில் பார்த்தால் ஓரம் முழுக்கப் பொடிப்பொடியாக ரம்பம். பனைமட்டையின் கருக்கில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், அதேதான், இன்னும் நுணுக்கமாக. கதிர் அறுக்கும் கருக்கரிவாள் போல அது சதையை இழுத்து அறுக்கும். டி. ரெக்ஸின் பல்லிலும் ரம்பம் உண்டு, ஆனால் மொந்தன் பழம் மாதிரி தடித்தது. எலும்பையும் சேர்த்து நொறுக்கும்.

சத்துவாச்சாரி: ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளி, டைனோசரைப் பார்த்துச் செதுக்கியதா?

இல்லை. மனிதர் தோன்றும் முன்பே, 6.6 கோடி ஆண்டுக்கு முன்னால், பறவைக் கிளை தவிர மற்ற டைனோசர்கள் அழிந்துவிட்டன. யாளி நம் சிற்பிகளின் கற்பனை. அந்தப் பெருமையை அவர்களுக்கே விடுங்கள்.

வாணியம்பாடி: கோழியும் டைனோசர்தான் என்கிறார்களே, நம்பலாமா?

நம்புங்கள். பறவைகள் டைனோசர்களின் ஒரு கிளையில் வந்தவைதான். அடுத்த முறை முழுக் கோழி வாங்கினால் கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு முன்னால் கவட்டை போல ஒரு எலும்பு வரும், அதை எடுத்துக் கழுவி வையுங்கள். டி. ரெக்ஸுக்கும் அதே இடத்தில் அதே கவட்டை எலும்பு இருந்தது.