நூல் வெளியிட வலைச்செயலியா, மொபைல் ஆப்பா?

கேள்வி: அச்சில் வந்த என் 300 பக்கத் தமிழ் நூலை நானே மின்வடிவில் விற்க நினைக்கிறேன். வலைச்செயலியாகச் செய்வதா, ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனி ஆப் செய்வதா?

ஒரே நூல், பெரும்பாலும் எழுத்து, இடையிடையே சில படங்கள் என்றால் வலைச்செயலியாக, அதாவது பிரவுசரிலேயே திறக்கும் தளமாக, வலையில் போடுங்கள். ஆப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பலருக்கு அது தேவைப்படவே செய்யாது.

ஐபோன் பக்கம் உங்களுக்குப் பெரிதாகத் தேர்வும் இல்லை. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் விதிகளில் 4.2 என்ற பிரிவு இருக்கிறது. ஓர் ஆப் வெறும் புத்தகமாக மட்டும் இருந்தால் அதை ஆப்பிள் புக்ஸ் கடைக்கு அனுப்பச் சொல்லி அதிலேயே எழுதியிருக்கிறார்கள். இணையதளத்தை அப்படியே ஓர் உறைக்குள் போட்டு அனுப்பினாலும் அதே பிரிவைக் காட்டித் திருப்பிவிடுவார்கள். ஆண்டுக்கு 99 டாலர் கட்டி, மேக் கணினி தேடிப் பிடித்து, ஆப்பை எழுதி முடித்த பிறகு இந்தப் பதில் வந்தால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

ஆண்ட்ராய்டில் கதவு திறந்திருக்கிறது. ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும். ஆனால் 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேரைச் சேர்த்து 14 நாள் இடைவிடாமல் மூடிய சோதனை நடத்தினால்தான் பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும். (முதலில் 20 பேர் கேட்டார்கள், பிறகு குறைத்தார்கள்.) நிறுவனக் கணக்குக்கு இந்தச் சோதனை இல்லை; அதற்கு நிறுவனங்களுக்கு வழங்கப்படும் டன்ஸ் என்ற அடையாள எண் வாங்க வேண்டும்.

வெளியிட்டதோடு வேலை முடிவதும் இல்லை. ஆப்பை எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்காகக் கட்ட வேண்டும் என்ற இலக்குப் பதிப்பைக் கூகுள் ஆண்டுதோறும் உயர்த்துகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய ஆப்களும் புதுப்பிப்புகளும் ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காகக் கொண்டிருக்க வேண்டும். தொடாமல் விட்ட ஆப், புதிய போன் வாங்கியவர்களின் தேடலிலிருந்து மறைந்துவிடும். ஐபோனில் இதைவிடக் கடுமையாகவே நடந்திருக்கிறது: 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் ஆப்கள் மொத்தமும் திறக்காமல் போயின. நூலில் ஒரு காற்புள்ளிகூட மாறாது, ஆனால் ஆப்பை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி கட்டி அனுப்ப வேண்டும். தொண்ணூறுகளில் எழுதிய ஹெச்டிஎம்எல் பக்கமோ இன்றைய பிரவுசரிலும் திறக்கிறது. நூலுக்கு வலையைச் சிபாரிசு செய்ய எனக்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் காசு. ஆப்புக்குள் மின்நூல் விற்றால் பொதுவாகக் கடையின் கட்டண முறை வழியாகத்தான் விற்க வேண்டும் (இந்தியாவில் கூகுளிடம் தனியாகப் பதிவு செய்தால் மாற்றுக் கட்டண முறையையும் கூடவே வைக்கலாம், ஆனால் கழிவு அப்போதும் உண்டு). சிறு வெளியீட்டாளர் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் இரு கடைகளிலும் கழிவு 15 விழுக்காடு. ஆப்பிளில் பதிவு செய்யாவிட்டால் 30. 199 ரூபாய் நூலில் 15 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 30 ரூபாய். உங்கள் தளத்தில் பேமென்ட் கேட்வே வைத்து, அது 2 விழுக்காடும் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் பிடித்தால் 5 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இந்தத் தகராறு பெரிய பத்திரிகைகளுக்கே இருந்தது: ஃபைனான்ஷியல் டைம்ஸ் 2011இல் வலைச்செயலியை வெளியிட்டு, தன் ஐபோன் ஆப்பை ஆப்பிள் கடையிலிருந்து எடுத்துக்கொண்டது. கழிவு விகிதங்கள் வழக்குகளால் மாறிக்கொண்டே இருக்கின்றன, தொடங்கும் நாளில் ஒருமுறை சரிபாருங்கள்.

கிண்டிலிலும் சேர்த்துப் போடும் எண்ணம் இருந்தால் ஒரு பொறி உண்டு. இந்திய விற்பனைக்கு 70 விழுக்காடு ராயல்டி வேண்டுமானால் அமேசானின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும், இல்லையேல் 35. சேர்ந்தால் அந்த 90 நாளும் மின்வடிவம் அமேசானில் மட்டுமே இருக்கலாம். உங்கள் தளத்தில் பத்து விழுக்காடு வரை மாதிரியாக வைக்கலாம், முழு நூலை வைக்கக் கூடாது.

இனி வலையில் எப்படிச் செய்வது. நிரலுக்கு முன்னால் உரையைச் சுத்தம் செய்யுங்கள். தமிழ் நூல்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. அச்சுக்கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய கையோடு என்எஃப்சி முறையில் (ஒரே எழுத்தின் வெவ்வேறு பதிவுகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோடு முறை) இயல்பாக்குங்கள். ‘கொ’ என்ற எழுத்து ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலில் மட்டும் சிக்காது. இயல்பாக்கினால் அது சரியாகும். ‘கௌரி’ என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டுக் ‘கெளரி’ என்று அடித்திருந்தால் சரியாகாது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் முடியாது, கெளுத்தி மீன் கெட்டுவிடும். ‘எ’ வர வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு (௭) உட்கார்ந்திருப்பது இன்னொரு தொல்லை. இந்த இரண்டையும் பட்டியல் எடுத்துக் கையால்தான் திருத்த வேண்டும்.

ஓர் இயலுக்கு ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு வையுங்கள். அதே மூலத்திலிருந்து இபப் என்ற மின்நூல் கோப்பும் எடுத்துவிடலாம். 300 பக்கம் ஏறத்தாழ 60,000 சொல் என்று வைத்துக்கொண்டால், யூடிஎஃப் 8 என்ற யூனிகோடு பதிவுமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் என்பதால் ஒன்றரை எம்பிக்குச் சற்று மேல் வரும். சர்வர் சுருக்கி அனுப்பினால் அதில் கால் பங்குகூட இருக்காது. ஆக, படங்களை விட்டுவிட்டால் முழு நூலும் சேர்ந்து ஒரு சுமாரான புகைப்படத்தைவிடச் சிறியது.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற திறந்த உரிமம் உள்ளது ஒன்றை எடுத்து, தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டி உங்கள் சர்வரிலேயே வையுங்கள். வெட்டும் கருவி எழுத்துகளைச் சேர்த்து உருமாற்றும் எழுத்துருவின் மாற்று அட்டவணையையும் சேர்த்து வெட்டிவிட்டால் ‘கு’, ‘டி’, ‘க்ஷ’ எல்லாம் சிதறும். வெட்டியதும் உயிர்மெய் வரிசை முழுவதையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டுப் பாருங்கள். வரி இடைவெளி 1.6க்குக் குறைய வேண்டாம். இருபுறமும் சமன் செய்யாதீர்கள். நம் நீண்ட சொற்களால் சிறு திரையில் வரி நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

இணையம் இல்லாமல் படிக்க சர்வீஸ் வொர்க்கர் வேண்டும்; பக்கங்களைப் பிரவுசரில் சேமித்து வைத்துத் தரும் சிறு நிரல் அது. பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ் முகவரி இல்லாமல் அது ஓடாது. அதன் கோப்பை ஒரு துணை ஃபோல்டரில் வைத்தால் அந்த ஃபோல்டருக்குள் மட்டுமே அதன் ஆட்சி, அதனால் தளத்தின் வேரிலேயே, அதாவது எல்லாவற்றுக்கும் மேலான ஃபோல்டரில், வையுங்கள். ‘ஆட் ஆல்’ கட்டளையால் எல்லா இயல்களையும் ஒன்றாகச் சேமிக்கும்போது, பட்டியலில் ஒரே ஒரு கோப்பின் பெயர் தவறியிருந்தாலும் நிறுவல் மொத்தமும் தோற்கும். வாசகருக்கு எந்தப் பிழையும் தெரியாது, விமானத்தில் ஏறிய பிறகுதான் நூல் திறக்கவில்லை என்று தெரியும். எழுத்துருவை வேறு தளத்திலிருந்து சிஓஆர்எஸ் அனுமதி (பிற தளங்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தளம் தருவது) இல்லாமல் இழுத்துச் சேமித்தால் குரோம் ஒவ்வொரு கோப்பையும் ஏறத்தாழ 7 எம்பி என்று கணக்கில் வைக்கும், பிரவுசர் தரும் சேமிப்பு ஒதுக்கீடு வீணாகும். பிழை திருத்தி ஏற்றிய புதிய பதிப்பும் பழைய தாவல்கள் எல்லாம் மூடப்படும்வரை காத்தே கிடக்கும். ‘திருத்திய பதிப்பு வந்துள்ளது’ என்று ஒரு பட்டை காட்டி, தொட்டதும் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் ‘ஸ்கிப் வெயிட்டிங்’ கட்டளை ஓடும்படி செய்யுங்கள்.

படித்த இடத்தைத் திரை உயரத்தை வைத்துக் குறிக்காதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கினாலே அது தவறிவிடும். ஒவ்வொரு பத்திக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து அதைச் சேமியுங்கள்.

ஐபோனில் கூடுதல் கவனம் தேவை. சஃபாரியைப் பயன்படுத்தும் ஏழு நாள் முழுக்க வாசகர் உங்கள் தளத்தைத் தொடாவிட்டால், நீங்கள் சேமித்ததை அது அழித்துவிடும். முகப்புத் திரையில் சேர்த்த வலைச்செயலிக்கு அந்தக் கெடுபிடி இல்லை. ஆனால் நிறுவச் சொல்லும் பெட்டி அங்கே தானாக வராது. பகிர் பொத்தானைத் தொட்டு முகப்புத் திரையில் சேர்க்கும்படி நீங்கள்தான் படம் போட்டுக் காட்ட வேண்டும். சஃபாரியில் வைத்த குறிப்புகள் அந்தச் செயலிக்குள் வருவதில்லை என்பதால் முதல் இயல் முடிவதற்குள்ளேயே சொல்லிவிடுவது நல்லது. அறிவிப்பு அனுப்பும் வசதியும் ஐஓஎஸ் 16.4 முதல், முகப்புத் திரையில் சேர்த்தவர்களுக்கு மட்டுமே.

திருட்டுப் பயத்தால் ஆப் பக்கம் போகாதீர்கள். ஆண்ட்ராய்டு ஆப்பில் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கலாம்தான். இன்னொரு போனால் திரையைப் படம் எடுப்பவரை எதுவும் தடுக்காது; ஆப் கோப்பையும் பிரித்துப் பார்க்க முடியும். விலைக்குரிய இயல்களை உள்நுழைந்தவருக்கு மட்டும் சர்வர் தரட்டும். ஒவ்வொரு இயலின் அடியிலும் வாங்கியவரின் மின்னஞ்சலைப் பொறித்துவிடுங்கள்.

போனுக்கென்றே தனியாக எழுதும் நேட்டிவ் ஆப் உண்மையிலேயே தேவைப்படும் இடம், ஒலி. 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 29 எம்பி, பத்து மணி நேரம் 290 எம்பி. அவ்வளவையும் பிரவுசர் சேமிப்பை நம்பி வைக்க முடியாது. பூட்டிய திரையில் தடையின்றி ஓடுவதற்கும் ஆப்தான் உத்தரவாதம். பல நூல்கள் கொண்ட பதிப்பகத்தின் நூலக ஆப், சிறுவருக்கான அசைபடக் கதை ஆகியவற்றுக்கும் இதே பதில். உங்களுடையது இதில் எதுவும் இல்லை.

பிளே ஸ்டோரில் பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், பபிள்ராப் கருவியால் வலைச்செயலியை டிடபிள்யூஏ என்ற உறையில் போட்டு அனுப்பலாம். திறந்ததும் மேலே முகவரிப் பட்டை தெரிந்தால், தளமும் ஆப்பும் உங்களுடையதே என்று காட்டும் அசெட்லிங்க்ஸ் கோப்பில் பெரும்பாலும் தவறு: நீங்கள் ஏற்றும் சாவியின் கைரேகையை (சாவியை அடையாளம் காட்டும் குறியீட்டை)ப் போட்டிருப்பீர்கள், அங்கே இருக்க வேண்டியது பிளே கன்சோல் காட்டும் கையொப்பச் சாவியின் எஸ்ஹெச்ஏ 256 கைரேகை. இந்த உறைக்கும் கூகுளின் கட்டண விதி பொருந்தும் என்பதால் உள்ளே உங்கள் யூபிஐ பொத்தான் தெரியக் கூடாது. வலைச்செயலியின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில் தொடக்க முகவரியின் கடைசியில் ஓர் அடையாளம் சேர்த்து, அந்த வழியாக வந்தவர்களுக்கு வாங்கும் பொத்தானை மறைத்து உள்நுழைவை மட்டும் காட்டுங்கள். வாங்கியதைப் படிக்க மட்டும் உதவும் ஆப்பைக் கூகுள் அனுமதிக்கிறது.