இசை ஆசிரியர்களே வாசிக்கும் டிராம்போன் குழுவுக்கு வெளியிலிருந்து வந்து கையசைத்து வழிநடத்தும் விருந்தினர் நடத்துனர் எதற்கு?

சேலத்துக் கல்யாண ஊர்வலங்களில் பேண்டு செட் போகும்போது குழலை முன்னும் பின்னும் இழுத்து வாசிப்பவரைப் பார்த்திருந்தால், அதுதான் டிராம்போன். அந்த இழுப்பில் ஏழு நிலைகள் உண்டு. ஆனால் குழலில் அடையாளக் கோடு எதுவும் கிடையாது, காதுதான் அளவுகோல். கொஞ்சம் தள்ளிப் போனாலும் சுருதி விலகிவிடும். ஏற்காட்டுக் குளிரில் வாசித்தால் சுருதி தானாகவே இறங்கும்.

பல்கலைக்கழக ஆசிரியர்கள் பத்துப் பேர் சேர்ந்தால், அவரவர் காது அவரவருக்குச் சரி. மொத்த ஒலியையும் எதிரே நின்று கேட்க ஒருவர் வேண்டும். சக ஆசிரியர் திருத்தினால் சங்கடம், வெளியாள் சொன்னால் ஏற்பது எளிது. அப்புறம், எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்செடுப்பதும் அவர் கையசைவில்தான்.

1812இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இசையமைப்பாளர் பீத்தோவன் நான்கு டிராம்போன்களுக்கு எழுதிய சிறு படைப்புகளை அவசியம் கேளுங்கள்.