நத்தை விட்டால் தொட்டி கழுவ வேண்டாமா?

கேள்வி: வீட்டில் இரண்டடி மீன்தொட்டி, மொட்டை மாடியில் அல்லி வளர்க்கும் சிமென்ட் தொட்டி இரண்டும் இருக்கின்றன. உள்ளே கண்ணாடியெல்லாம் பாசி, மாடியில் தண்ணீரே பச்சை. மீன் கடைக்காரர் "பதினைந்து நத்தை வாங்கிப் போடுங்க, அப்புறம் கழுவவே வேண்டாம்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: கழுவவே வேண்டாம் என்பது வியாபாரப் பேச்சு. கண்ணாடியில் ஒட்டிய பாசி, மீன் மிச்சம் வைத்த தீவனம், அழுகின இலை இதையெல்லாம் நத்தை தின்னும், சரி, ஆனால் தின்றது கழிவாக அதே தண்ணீரில்தானே விழும்? பதினைந்து நத்தை விட்டால் அம்மோனியா ஏறும். வாராவாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றும் வேலை உங்களுக்குத்தான்.

கண்ணாடிப் பாசிக்கு என்றால் நெரைட் என்ற நத்தை வகையை வாங்குங்கள், இரண்டு மூன்று போதும். அதன் குஞ்சுக்கு உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும் என்பதால் நம் தொட்டியில் பெருகாது. ஆனால் கல்லிலும் கட்டையிலும் எள் ஒட்டினாற்போல வெள்ளை முட்டை வைத்துவிட்டுப் போகும், நகத்தால் சுரண்டினாலும் லேசில் வராது. மஞ்சளாக அழகாக இருக்கும் மிஸ்டரி நத்தை மிச்சத் தீவனம்தான் தேடும், பாசியில் அவ்வளவு ஆர்வமில்லை. 'ஆப்பிள் நத்தை' என்று பொதுவாகச் சொல்லி விற்பதை வாங்காதீர்கள், அதில் சில இனம் செடியையே மேய்ந்துவிடும்.

கடையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஊர்கிறதைக் கேட்டு வாங்குங்கள். அடியில் அசையாமல் கிடப்பதை எடுத்து மோந்து பாருங்கள், செத்திருந்தால் நாற்றமே சொல்லிவிடும். ஓட்டின் நுனி வெளுத்து அரித்திருந்தால் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுகிறவர்கள் வீட்டில் ஓடு இப்படித்தான் கரையும், சுண்ணாம்புச் சத்துள்ள போர் தண்ணீர் நத்தைக்கு நல்லது. தொட்டிக்கு மூடியும் வேண்டும், நெரைட் ராத்திரியில் ஏறி வெளியே விழுந்துவிடும்.

மாடித் தொட்டிக்கு நத்தை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். அங்கே பச்சையாக மிதப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி, நத்தையோ நாக்கால் பரப்பைச் சுரண்டித் தின்னும் பிராணி, மிதப்பதை அது என்ன செய்யும்? வெயிலும் உரமும் சேர்ந்து செய்கிற வேலை அது. அல்லி இலை பாதித் தொட்டியை மூடட்டும், உச்சி வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள், உரம் வைத்தால் சேற்றுக்குள் புதைத்து வையுங்கள்.

வயலிலோ ஏரியிலோ சும்மா கிடைக்கிறதே என்று பிடித்துவந்தும் போடாதீர்கள், ஒட்டுண்ணிப் புழு கூடவே வரும். வாங்கினது வேண்டாமென்றால் ஏரியில் விடுவதும் தப்பு. உணவுக்காக வளர்க்கவென்று 1980களில் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுவந்த தங்க ஆப்பிள் நத்தை வயலில் பரவி, இளம் நாற்றையே தின்று தீர்க்கிறது.

கேள்வி: செடியோடு வந்த குட்டி நத்தைகள் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டன. மருந்து உண்டா?

பதில்: செம்பு கலந்த மருந்து நத்தையைக் கொல்லும். ஆனால் மொத்தமாகச் செத்து அழுகினால் தண்ணீர் கெட்டு மீனும் போய்விடும். தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள், ராத்திரி ஒரு வெள்ளரித் துண்டை அடியில் போட்டுவைத்து விடிந்ததும் அதில் மொய்த்திருப்பதோடு எடுத்துவிடுங்கள். நெரைட் வைத்திருப்பவர்கள், மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் மருந்து வாங்கும்போதும் லேபிளில் காப்பர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.